ராஸ் தீவின் மாளிகை வாயில்

வேற்று மாநிலங்களில் வாழும் தமிழர் பலருக்கு அந்தமான் என்றவுடன் செல்லுலார் சிறையே நினைவுக்கு வரும். அச்சிறைக்கு எதிரே, கடலின் ஒரு சிறு பிரிவுக்கு அப்பால், சிறையை ஆண்டவர்களின் மாளிகையும் இருந்தது என்பதை நாம் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. 2024-ஆம் ஆண்டில் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகரின் ஒரு பகுதி மின்னி பே. அங்கிருந்து நகரின் கீழ்க்கரைக்குச் சென்று அபெர்தீன் படகுத்துறையில் படகு ஏறினால், சிறிது நேரத்தில் ராஸ் தீவை அடையலாம். ஒரு சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த பரப்புடைய இத்தீவுக்கு, 2018-ஆம் ஆண்டில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் சூட்டப்பட்டது.

தீவின் மேட்டில் தலைமை ஆணையர் வாழ்ந்த அரசு மாளிகையின் இடிபாடுகளைக் காண்கிறோம். கூரை இல்லை, கதவும் நிலையும் இல்லை. செங்கற் சுவர்களும் வாயில் திறப்புகளுமே எஞ்சியுள்ளன. ஆலின் இனத்தைச் சேர்ந்த மரங்களின் வேர்கள் அச்சுவர்களைக் கயிறுபோலச் சுற்றிப் பிணைத்திருக்கின்றன. சுவரைப் பிளந்தவையும் இவ்வேர்களே. இன்று அது சரிந்து விழாமல் தாங்கி நிற்பவையும் இவையே.

இவ்வாயிலை எழுப்பியவர் யார்? 1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபின், 1858 மார்ச் 10-ஆம் நாள் டாக்டர் ஜே. பி. வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் இத்துறைமுகத்தை அடைந்தார். முதலில் சாத்தம் தீவில் இறங்கியவர்கள், அங்கே நன்னீர் போதாமையால் ராஸ் தீவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அடர்ந்த காட்டை வெட்டித் திருத்தியவை விலங்கு பூண்ட கைகள். தப்பியோடிப் பிடிபட்டவர்களுள் எண்பதுக்கும் மேற்பட்டோரை அவ்வாண்டிலேயே வாக்கர் தூக்கிலிட்டார் என்பது வரலாறு.

அவ்வாறு திருத்தப்பட்ட நிலத்திலேதான் மாளிகையும், தேவாலயமும், அச்சகமும், ரொட்டிச் சாலையும், நீச்சல் குளமும், கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் ஆலையும் தோன்றின. கீழ்நிலை அலுவலர்க்குத் தனியாக ஒரு மன்றமும் இருந்தது. வெள்ளையருக்குள்ளேயே படிநிலை இருந்ததெனில், கைதியின் நிலையைச் சொல்லவும் வேண்டுமோ! அவன் அத்தகைய வீடுகளுக்குள் நுழைந்ததெல்லாம் ஏவல் செய்வதற்கே. எதிர்க்கரையில் 1896 முதல் 1906 வரை எழுந்த செல்லுலார் சிறையின் 693 அறைகளைக் கட்டியவரும் கைதிகளே. மாளிகையையும் சிறையையும் ஒரே இனத்துக் கைகள் எழுப்பின; ஒன்றில் அவர்கள் குடியிருக்க இயலாது, மற்றொன்றிலிருந்து வெளியேற இயலாது.

மாளிகையின் பெருமை நூறாண்டு நிலைக்கவில்லை. 1941 ஜூன் 26-இல் நேர்ந்த நிலநடுக்கம் தீவைக் குலுக்கியது. 1942 மார்ச் 23-இல் ஜப்பானியர் வந்திறங்கினர். 1943 டிசம்பர் இறுதியில் நேதாஜி அந்தமானுக்கு வந்தபோது இம்மாளிகையிலேயே தங்கினார். டிசம்பர் 30-இல் போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடியை ஏற்றினார்.

இங்கே தமிழர் நெஞ்சில் கொள்ளத்தக்க ஒரு செய்தி உண்டு. ஆசாத் ஹிந்த் அரசின் சார்பில் 1944-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இத்தீவுகளுக்குத் தலைமை ஆணையராக வந்தவர், ஏ. டி. லோகநாதன் என்னும் தமிழர். ஆங்கிலேயர் வகித்த பதவியின் பெயர் ஒரு தமிழருக்குக் கிட்டியது. ஆனால் காவல்துறை ஜப்பானியர் கையிலேயே இருந்தது. லோகநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது பெரும்பாலும் கல்வித்துறை மட்டுமே. அவர் வருவதற்குச் சற்று முன்னர், 1944 ஜனவரி 30-இல், ஹம்ஃப்ரிகஞ்சில் ஒற்றர் எனக் குற்றஞ்சாட்டப்பட்ட 44 இந்தியரை ஜப்பானியர் சுட்டுக் கொன்றிருந்தனர். பெயரளவில் பதவி கிடைத்தாலும், குடிமக்களைக் காக்கும் அதிகாரம் கிடைத்தாலன்றி ஆட்சி கிடைத்ததாகாது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1945-இல் ஜப்பானியர் சரணடைந்தபின் ஆங்கிலேயர் மீண்டனர். ஆனால் ராஸ் தீவு மீண்டும் தலைநகராகவில்லை. 1979-ஆம் ஆண்டில் அது இந்தியக் கடற்படையின் பொறுப்புக்கு வந்தது. இன்று புள்ளிமான்களும் மயில்களும் அச்சுவர்களிடையே உலாவுகின்றன.

ஆணையர்களின் பெயர்கள் ஆவணங்களில் உள்ளன. செங்கல் சுமந்தவர்களுள் மிகப் பலரின் பெயரை எந்தச் சுவரும் தாங்கவில்லை. பிழைப்பை நாடி ஊர் விட்டு வந்து, பிறர் ஊர்களில் சாலையும் பாலமும் வீடும் எழுப்பிய மக்களின் வழிவந்தவர்கள் நம்மில் பலர். ஆதலின் இவ்வாயிலைக் காணச் செல்லும்போது, உள்ளே வாழ்ந்தவர் யார் என்று மட்டும் நம் பிள்ளைகளுக்குச் சொன்னால் போதாது. வெளியே நின்று அதைக் கட்டியவர் யார் என்பதையும் சொல்லுதல் நம் கடன்.