கல்லுடைத்த பள்ளத்தாக்கில் ஒரு காடு: பினாங்கு தாவரவியல் பூங்கா

தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குக் காவடி எடுத்து வரும் பக்தர்களில் பலர், கோயிலைத் தாண்டி அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனதில்லை. சாலை முடிகிற இடத்தில், மூன்று பக்கமும் மலை சூழ்ந்த பள்ளத்தாக்கில் இருக்கிறது பினாங்கு தாவரவியல் பூங்கா. இன்று பச்சைப் பசேலென்று தெரியும் இந்த இடம் ஒரு காலத்தில் கல் குவாரி. கருங்கல்லை வெட்டி எடுத்த பின் கைவிடப்பட்ட நிலத்தில்தான் 1884இல் ஆங்கிலேய அரசு பூங்காவைத் தொடங்கியது. அதை உருவாக்கும் பொறுப்பை ஏற்றவர் சார்ல்ஸ் கர்ட்டிஸ். 1910இல் பூங்காவை எடுத்துவிட்டு நீர்த்தேக்கம் கட்டும் திட்டம் வந்தது. நல்லவேளையாக அது நடக்கவில்லை.

பினாங்குத் தீவின் மலைகள் எல்லாமே கருங்கல்தான். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு மெதுவாக ஆறி இறுகியது. மெதுவாக ஆறியதால்தான் கல்லில் மணிகள் கண்ணுக்குத் தெரியும்: கண்ணாடி போல் இருப்பது குவார்ட்ஸ், வெளுத்திருப்பது ஃபெல்ஸ்பார், மினுக்குவது காக்காப்பொன். நம் வீட்டு அம்மிக்கல்லும் இந்த இனம்தான். மழையும் வெயிலும் ஃபெல்ஸ்பாரைக் களிமண்ணாக்கிவிடும். மலையில் உருண்டைப் பாறைகளும் அவற்றைச் சுற்றித் தளர்ந்த செம்மண்ணும் இருப்பது இதனால்தான். மரத்தின் வேர் பிடிக்காத சரிவில் அந்த மண் நிற்காது. 2017 நவம்பர் பெருமழையில் பினாங்கு மலைச் சரிவுகள் பல இடங்களில் சரிந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

மலையிலிருந்து இறங்கும் அருவி நீர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஜார்ஜ்டவுனுக்குக் குடிநீரானது. அருவி இன்றும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் நினைத்த நேரத்தில் அங்கே போக முடியாது.

பூங்காவில் நம்மவர்கள் தேடிப் பார்ப்பது நாகலிங்க மரம். தென் அமெரிக்காவிலிருந்து வந்த மரம் என்றால் பலர் நம்புவதில்லை! பூவும் பீரங்கிக் குண்டு போன்ற காயும் கிளை நுனியில் அல்ல, அடிமரத்திலேயே வரும்.

விலங்குகளில் இரண்டு வகைக் குரங்குகளைப் பிரித்தறிய வேண்டும். வழியில் உட்கார்ந்து பையைப் பிடுங்குவது நீண்ட வால் குரங்கு, அதாவது கெரா. மரத்தின் மேலேயே இருந்து இலை தின்னும், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட கருஞ்சாம்பல் குரங்கு லோத்தோங். அதன் குட்டி பிறக்கும்போது ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். கறுப்பு மலை அணிலையும் ஓடையோரம் உடும்பையும் பொறுமையாகப் பார்த்தால் காணலாம்.

லோத்தோங்கின் வயிறு மாட்டு வயிற்றைப் போல் பல அறைகள் கொண்டது; இலையைப் புளிக்க வைத்தே செரிக்கும். ரொட்டியும் இனிப்பும் அதற்கு நஞ்சு மாதிரி. கெராவுக்குத் தின்பண்டம் கொடுப்பதும் புண்ணியமல்ல. மனிதன் கையில் இருப்பது எல்லாம் தனக்குத்தான் என்று பழகிய குரங்கு, அடுத்து ஒரு குழந்தையின் கையைக் கடிக்கும். பிறகு புகார் வரும், குரங்கைப் பிடித்துக் கொண்டு போவார்கள். பூங்காவில் குரங்குகளுக்கு உணவளிப்பது தடை செய்யப்பட்டுள்ளது.

2021 செப்டம்பரில் யுனெஸ்கோ, பினாங்கு மலை உயிர்க்கோளக் காப்பகத்தை அறிவித்தபோது இந்தப் பூங்காவும் அதில் சேர்ந்தது. நுழைவுக் கட்டணம் இல்லை. காலையில் சீக்கிரம் போனால் லோத்தோங் கூட்டம் தாழ்ந்த கிளைகளில் இருக்கும். பையை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.