உயிலும் லயத்து வீடும்: தழுவல் காதல் தொடருக்கு ஜொகூரிலிருந்து ஒரு வாதம்

தொல்காப்பிய மரபியல் நூல்களை முதல் நூல், வழி நூல் என இரண்டாக வகுக்கிறது. வழி நூலைத் தொகுத்தும், விரித்தும், இவ்விரண்டையும் கலந்தும், மொழிபெயர்த்தும் செய்யலாம் என்கிறது. ஒரு பழைய நாவலைத் தழுவி இன்றைய காதல் தொடர் எழுதுபவர் இந்த நான்கையும் செய்கிறார். ஆனால் நாவல் பிறந்த மண்ணின் சட்டமும் தொடர் பிறக்கும் மண்ணின் சட்டமும் வேறாக இருக்கும்போது என்ன செய்வது என்பதற்கு இந்த வகைப்பாட்டில் விடை இல்லை. தழுவலின் தரத்தை முடிவுசெய்வது இந்தக் கேள்விதான் என்பது இக்கட்டுரையின் வாதம். பழைய காதல் நாவல்களில் காதலரைப் பிரிப்பதும் சேர்ப்பதும் பெரும்பாலும் சொத்து. அந்தச் சொத்துக்கு ஈடான ஒன்றைப் புதிய மண்ணில் கண்டெடுக்காத தொடர், பாத்திரங்களுக்கு உடை மாற்றுவதோடு நின்றுவிடுகிறது.

தமிழுக்குத் தழுவல் புதிதன்று. லிட்டனின் கதையொன்றிலிருந்து சுந்தரம் பிள்ளையின் ‘மனோன்மணீயம்’ 1891-இல் பிறந்தது. ரெயினால்ட்ஸின் நாவலைத் தழுவி மறைமலையடிகள் 1911-இல் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யைத் தந்தார். இருவரும் கதையைத் தொலைவான, பழமையான ஓர் உலகில் வைத்துக்கொண்டார்கள். அங்கே எந்தச் சட்டம் செல்லும் என்று வாசகர் கேட்கப்போவதில்லை. நிகழ்காலத்தில், அடுத்த தெருவில் கதையை வைப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

நிகழ்காலத்தில் வைத்து வென்றதற்கு நம்மிடம் உள்ள சிறந்த சான்று திரைப்படம்தான். தொலைக்காட்சிக்கு எழுதுவோரும் அதிலிருந்துதான் கற்க வேண்டும். ராஜீவ் மேனன் இயக்கி, சுஜாதா வசனம் எழுதி 2000 மே மாதம் வெளிவந்த ‘கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்’, ஜேன் ஆஸ்டின் 1811-இல் வெளியிட்ட ‘சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி’யின் தழுவல். ஆஸ்டினின் கதையில் நார்லண்ட் பண்ணை, மூத்தவர் ஒருவர் எழுதிவைத்த ஏற்பாட்டின்படி மூத்த தாரத்து மகனுக்கும் அவன் பிள்ளைக்கும் போகிறது. தாயும் மூன்று மகள்களும் சிறிய வருமானத்தோடு வெளியேறுகிறார்கள். யாரும் சட்டத்தை மீறவில்லை. நான்கு பெண்கள் வீடிழக்க, சட்டம் தன் வேலையைச் செய்தாலே போதுமானதாக இருந்தது.

செட்டிநாட்டுக்கு வந்தபோது இந்தக் கதைக்கு ஒரு சிக்கல் ஏற்பட்டிருக்க வேண்டும். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் சொந்தச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலவே பங்கு உண்டு. 1989-இல் தமிழ்நாட்டின் திருத்தம் கூட்டுக்குடும்பச் சொத்திலும் மகளுக்கு உரிமை தந்தது. ஆகவே வெறும் மரபைக் காட்டி அந்தப் பெண்களை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது. படம் உயிலைக் கையில் எடுக்கிறது. தாத்தா என்றோ எழுதிய உயில் எல்லாவற்றையும் மகனுக்குத் தந்துவிட, படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்ட மகளும் பேத்திகளும் சென்னைக்கு வண்டியேறுகிறார்கள். தேக்குத் தூண்களும் முற்றமும் கொண்ட அந்தப் பெரிய வீட்டை முதல் பாதியில் நமக்கு அவ்வளவு நேரம் காட்டியது, இழப்பின் எடையை நாம் உணரத்தான்.

இதைவிட நுட்பமானது ஸ்ரீகாந்த் பாத்திரம். ஆஸ்டினின் கதையில் இளையவள் காதலிக்கும் வில்லபி ஐம்பதாயிரம் பவுண்டு சீருக்காக வேறொருத்தியை மணக்கிறான். அப்பாஸ் நடித்த ஸ்ரீகாந்தோ நிதி நிறுவனம் நடத்துபவன். நிறுவனம் சரிந்ததும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதிகாரமுள்ள குடும்பத்தில் பெண் எடுக்கிறான். 1990-களின் பிற்பாதியில் தமிழ்நாட்டில் நிதி நிறுவனங்கள் அடுத்தடுத்துக் கவிழ்ந்து, முதலீட்டாளரைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அந்தக் காயம் ஆறாத பார்வையாளருக்கு ஸ்ரீகாந்தை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. மம்மூட்டியின் மேஜர் பாலாவும் அப்படியே. நாவலில் இளையவளை இறுதியில் மணக்கும் கர்னல் பிராண்டனின் வயதும் மௌனமும், இலங்கைக்குச் சென்ற அமைதிப் படையில் காலை இழந்த வீரனின் கசப்பாக மாறியிருக்கின்றன.

படம் தளரும் இடமும் இந்த அளவுகோலுக்கே சான்று. நாவலில் மூத்தவளின் காதலன் எட்வர்டைக் கட்டிப்போட்டது அவன் தாயின் கையில் இருந்த சொத்து. படத்தில் அவன் இடத்தில் அஜித் நடித்த மனோகரைக் கட்டிப்போடுவது, முதல் படம் எடுத்த பிறகே திருமணம் என்ற அவனுடைய சொந்த உறுதி. வெளியிலிருந்து அழுத்தும் விசை இல்லாததால் அந்தக் காதல் அழகாக இருந்தும் இலேசாகிவிடுகிறது. மூத்தவளாக நடித்த தபுவின் கண்கள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன.

தொலைக்காட்சியில் முன்மாதிரிகள் குறைவு. ‘ப்ரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்’ நாவலைத் தூர்தர்ஷன் 1985-இல் ‘த்ரிஷ்ணா’ என்ற இந்தித் தொடராக்கியது. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தமிழ்த் தொடராக வந்து, மு.க. ஸ்டாலின் அரவிந்தனாக நடித்தார். தமிழ்ப் பேராசிரியரான தந்தையை இழந்து தம்பி தங்கையரைத் தாங்கும் பூரணியின் கதையிலும் இழப்பே தொடக்கம். ஆனால் அதை நடத்திச்செல்வது இலட்சியம், சொத்து அன்று.

இனி மலேசியாவின் ஜொகூருக்கு வருகிறேன். இங்குள்ள தமிழ் வீடுகளில் தொடருக்குப் பஞ்சமில்லை. தமிழகத் தொடர்கள், ஆஸ்ட்ரோ வானவில், ஆர்டிஎம், நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூரிலிருந்து வரும் வசந்தம் என்று கை நீட்டினால் கிடைக்கும். மலாய்த் தொலைக்காட்சியில் நாவலைத் தொடராக்குவது ஒரு தொழிலாகவே வளர்ந்திருக்கிறது. இந்த மண்ணில் ஒருவர் ஆஸ்டினைத் தழுவ முனைந்தால் எதைப் பிடித்துக்கொள்வார்? மரபும் உயிலும் இங்கே பொருந்தாது. உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தை 1958-ஆம் ஆண்டின் பங்கீட்டுச் சட்டம் மகனுக்கும் மகளுக்கும் சமமாகவே தருகிறது. அதைவிட முக்கியம், தோட்டத்துத் தமிழரிடம் உயில் எழுத வீடே இருந்ததில்லை.

நம்மிடம் இருந்தது லயம் என்னும் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு. கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று தலைமுறை பிறந்து வளர்ந்த வீடு, வேலை இருக்கும்வரை மட்டுமே தொழிலாளருடையது. அப்பா ஓய்வு பெற்று, பிள்ளைகள் யாரும் பெரட்டில், அதாவது தோட்டத்து ஆள் கணக்கில், பெயர் கொடுக்கவில்லை என்றால், வீடு நிறுவனத்துக்குத் திரும்பும். தோட்டம் துண்டாடப்பட்டாலோ வீடமைப்புக்கு விற்கப்பட்டாலோ லயம் முழுவதும் ஒரே மாதத்தில் காலியாகலாம். 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இந்த அச்சத்தின் நடுவில்தான். அகிலன் ‘பால் மரக்காட்டினிலே’ நாவலை எழுதியதும் இதே மண்ணை வைத்துத்தான். ஆஸ்டினின் நார்லண்டுக்கு நேரான பொருள் செட்டிநாட்டு மாளிகையைவிட நம் லயத்து வீடே என்று நான் உறுதியாக நம்புகிறேன். இங்கேயும் யாரும் சட்டத்தை மீறுவதில்லை. இங்கேயும் தாயும் மகள்களும் வெளியேறுகிறார்கள்.

உயிலுக்கு நேரானதும் நம்மிடம் உண்டு. 1951-இல் வந்த ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனப் படிவம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர் இறந்தால் பணம் படிவத்தில் பெயருள்ளவருக்கே உரியது. மணமாகாத வயதில் அண்ணன் பெயரையோ தம்பி பெயரையோ எழுதிவைத்து, பின்பு மாற்ற மறந்த ஒருவரின் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஒற்றைத் தாளில் ஒரு காதல் தொடரின் முழு விசையும் அடங்கியிருக்கிறது. அந்தக் குடும்பத்தின் மூத்த மகள் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போவாள். யாரை விரும்புவது என்பதைவிட, சம்பளம் நின்றால் வாடகை என்னாகும் என்பதே அவள் பொறுமைக்குக் காரணமாக இருக்கும். ஆஸ்டினின் மூத்த மகள் எலினாரின் அடக்கத்துக்கு இதைவிட நேர்மையான தமிழ் வடிவம் எனக்குத் தெரியவில்லை.

காதல் தொடர் பார்ப்பவர் சட்டம் படிக்க வருவதில்லை என்பார்கள். உண்மைதான். தொடரில் சட்டத்தைப் பற்றி ஒரு சொல்கூட வர வேண்டியதில்லை. வீட்டுச் சாவியை யார் யாரிடம் கொடுக்கிறார் என்பது தெரிந்தால் போதும். அந்த ஒரு காட்சிக்குப் பிறகு காதலர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லுக்கும் எடை கூடிவிடும்.

நடைமுறையில் ஒரு தடை உண்டு. ராஜீவ் மேனனுக்குப் படம்பிடிக்கச் செட்டிநாட்டில் வீடு இருந்தது. 2006-இல் இஸ்கண்டார் மலேசியா திட்டம் தொடங்கிய தென் ஜொகூரில், பழைய லயம் தேடிப் போகும் இயக்குநர் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளையும் செம்பனை நிரைகளையுமே மிகுதியாகக் காண்பார். பல இடங்களில் எஞ்சியிருப்பது தோட்டத்துக் கோயில் மட்டும். வெளியேறிய குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு முறை திருவிழாவுக்கு அங்கே கூடுகின்றன. முதல் காட்சியை அந்தக் கோயில் வாசலில் வைக்கலாம். அக்காவும் தங்கையும் வீடு இருந்த இடம் எது என்று மரங்களை எண்ணிப் பார்த்துக்கொண்டு நிற்கட்டும்.