வாசல் காத்தவர்கள் களவு போன கதை

தாமிரபரணிக் கரையில், முக்கூடல் பக்கம் இருக்கிறது அத்தாளநல்லூர். முதலையிடம் சிக்கிய யானை கூப்பிட்டதும் பெருமாள் ஓடிவந்த தலம் என்பார்கள். அதே ஊர் மூன்றீஸ்வரமுடையார் கோயிலில் காவல் நின்ற இரண்டு கல் துவாரபாலகர்களை 1990களின் நடுவில் பெயர்த்துத் தூக்கிப் போனபோது யாரும் ஓடிவரவில்லை.

விஜயநகர் காலத்து வேலைப்பாடு, 15-16ஆம் நூற்றாண்டு. ஒரு கை கதாயுதத்தின் மேல். இன்னொரு கையின் சுட்டுவிரல் எச்சரிக்கும். ஒரு கால் முழங்கால் உயரத்துக்குத் தூக்கியிருக்கும். அந்த விரலைத் திருடன் சட்டை செய்யவில்லை.

அடுத்து இவர்கள் போய்ச் சேர்ந்தது நியூயார்க் கலைப்பொருள் வியாபாரி சுபாஷ் கபூரிடம். 2005இல் கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 4,95,000 அமெரிக்க டாலருக்கு இவர்களை வாங்கியது.

எந்த ஊர் என்று கேட்டால் சிலை என்ன சொல்லும்? நம் கோயில்களில் எழுத்து பெரும்பாலும் சுவரிலும் அதிட்டானத்திலும்தான். நந்தாவிளக்கின் நெய்க்கு யார் எத்தனை 'சாவா மூவாப் பேராடு' விட்டார் என்பதுவரை வெட்டிவைத்தார்கள். சிலையிலேயே ஊர்ப்பெயர் இருப்பது அபூர்வம். பெயர்த்தெடுத்தால் விலாசம் சுவரோடு நின்றுவிடும்.

கைகொடுத்தது புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம். 1950களிலிருந்தே ஊர் ஊராகப் போய்க் கோயில்களைப் படமெடுத்துச் சேர்த்துவைத்தவர்கள் அவர்கள். அந்தச் சேகரிப்பில் இதே இருவரும் சொந்தக் கோயிலில் நிற்கிறார்கள். அதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

கபூர் 2011இல் ஜெர்மனியில் பிடிபட்டு மறு ஆண்டு தமிழகம் கொண்டுவரப்பட்டார். சிலைகள் 2020 ஜனவரியில் ஆஸ்திரேலியப் பிரதமர் ஸ்காட் மாரிசனோடு வருவதாக இருந்தது; அங்கே காட்டுத்தீ, பயணம் ரத்து. அந்த ஆண்டே இந்தியாவுக்குத் திரும்பினாலும், டெல்லியில் வேறு எட்டுச் சிலைகளோடு தமிழக அரசிடம் ஒப்படைக்க 2022 ஜூன் ஆயிற்று.

எங்கள் விருதுநகர்ச் சீமைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. சிவகாசியில் சாமிப் படக் காலண்டர் லட்சக்கணக்கில் அச்சாகிறது. அச்சங்குளமோ அடுத்த ஊரோ, உங்கள் ஊர்க் கோயிலில் நிற்கும் கற்சிலைக்கு உருப்படியாக ஒரு படம் உண்டா? செல்போனில் நாலு பக்கமும் எடுத்து, தேதி எழுதி, கோயில் அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுங்கள். திருப்பணி என்று சொல்லி வெள்ளையடிப்பதற்கும் மணல் வீச்சு இயந்திரம் வருவதற்கும் முன்பே கல்வெட்டையும் வரி விடாமல் எடுத்துவையுங்கள்.