கூண்டுக்கோழியின் எலும்புக் கணக்கு

குளிர்காலத்தில் கொட்டகைக்குள் அடைத்து வளர்த்த குஞ்சுகள் கால் சோர்ந்து விழுவது அமெரிக்கப் பண்ணைகளின் பழைய தலைவலி. 1920களில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹாரி ஸ்டீன்பாக்கும் சக ஆய்வாளர்களும் வெயிலுக்கும் எலும்புக்கும் உள்ள உறவைத் துலக்கினார்கள். தீவனத்தில் மீன் எண்ணெய் சேர்ந்தது. அதிலிருந்து வைட்டமின் டி கிடைத்ததும், ஆண்டு முழுவதும் கோழியை உள்ளேயே வைத்து வளர்க்க வழி பிறந்தது.

பிறகு கம்பிக்கூண்டு பரவியது. புது நோயும் வந்தது. நன்றாக முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழிகளே நிற்க முடியாமல் சாய்ந்தன. 1955இல் அது 'கூண்டுக்கோழிச் சோர்வு' என்று பதிவானது.

அந்தச் சோர்வின் வேர் முட்டை ஓட்டில் இருக்கிறது. ஓர் ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் கால்சியம் வேண்டும். ஓடு பெரும்பாலும் இரவில்தான் உருவாகிறது; அப்போது கோழி இரை எடுப்பதில்லை. பற்றாக்குறையைத் தன் எலும்பைக் கரைத்து ஈடுகட்டுகிறது. வயது ஏற ஏற முட்டை பெரிதாகிறது, குடல் உறிஞ்சும் கால்சியமோ குறைகிறது. ஓடு மெலிகிறது, எலும்பும் நொறுங்குகிறது. முட்டையை மட்டும் எண்ணிய பண்ணைகள் இந்த இழப்பைக் கவனிக்காமல் விட்டது பெருங்கொடுமை.

கிளிஞ்சல் துண்டுகளும் பருமனான சுண்ணாம்புக்கல் குறுணையும் இங்கேதான் கைகொடுத்தன. சுண்ணாம்புக்கல் பொடி சீக்கிரம் கரைந்துவிடும். குறுணை அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெல்லக் கரையும். முன்பு 72 வாரத்தில் கழிக்கப்பட்ட கோழிகளை இன்று 100 வாரம்வரை முட்டையிட வைக்க முயல்கிறார்கள். அதனால் மாலைத் தீவனத்தில் அந்தக் குறுணையைக் கூட்டிக் கொடுப்பது முன்னைவிட அவசியமாகிவிட்டது.