மேரி எல்லன் ஏவரி

மேரி எல்லன் ஏவரி (1927–2011) அமெரிக்கப் பச்சிளங்குழந்தை மருத்துவர். குறைமாதக் குழந்தைகள் மூச்சுத்திணறி இறப்பதற்கான காரணத்தைக் கண்டறிந்தவர். பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையின் தலைமை மருத்துவராகப் பொறுப்பேற்ற முதல் பெண்.

நியூஜெர்சி மாநிலத்தின் கேம்டன் நகரில் பிறந்தார். அண்டை வீட்டில் வசித்த குழந்தை மருத்துவர் எமிலி பேக்கனைப் பார்த்தே மருத்துவத்தில் ஆசை கொண்டார். வேதியியல் படித்துவிட்டு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1952இல் பட்டம் பெற்றார். அதையடுத்துக் காசநோய் தாக்கியது. படுத்தே கிடக்க நேர்ந்த காலத்தில் அவர் கவனம் நுரையீரல் மீது திரும்பியது.

அந்நாளில் குறைமாதத்தில் பிறந்த பல குழந்தைகள் நெஞ்சு உள்வாங்க, முனகியபடி மூச்சுவிட்டு ஓரிரு நாளில் இறந்தன. இறந்தபின் நுரையீரலில் கண்ணாடி போன்ற படலம் தென்பட்டதால், அதுவே மூச்சை அடைத்தது என்று பலரும் கருதினர். ஹார்வர்டில் ஜியர் மீடிடம் ஆய்வு செய்துவந்த ஏவரி கவனித்தது வேறு. நல்ல நுரையீரலில் நுரை இருக்கும்; இக்குழந்தைகளின் நுரையீரலில் நுரையே இல்லை. திரவத்தின் பரப்பு இழுவிசை குறைந்தால்தான் நுரை நிற்கும். அதை அளக்கும் கருவியை மேரிலாந்தில் ஜான் கிளெமென்ட்ஸ் அமைத்திருந்தார். ஏவரி அங்கே சென்று அந்த முறையைக் கற்றார். நுரையீரல் சாற்றைச் சிறு தொட்டியில் ஊற்றி, அதன் பரப்பைச் சுருக்கியும் விரித்தும் அளந்தபோது, இந்நோயால் இறந்த குழந்தைகளின் சாற்றில் இழுவிசை வேண்டிய அளவுக்குக் குறையவில்லை. காற்று நுண்ணறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அவற்றில் போதவில்லை. படலம் நோயின் விளைவே. 1959இல் மீடுடன் சேர்ந்து இதை வெளியிட்டார்.

சிகிச்சை கைக்கு வரக் காலம் பிடித்தது. 1963 ஆகஸ்டில் அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்நோயால் பிறந்த மூன்றாம் நாளே இறந்தான். பின்னாளில் ஏவரி தலைமையேற்ற அதே பாஸ்டன் மருத்துவமனையில்தான் அவனுக்குச் சிகிச்சை நடந்தது. 1980இல் ஜப்பானிய மருத்துவர் ஃபுஜிவாரா குழந்தைகளுக்குச் செயற்கை சர்ஃபாக்டன்ட் கொடுத்துப் பலன் கண்டார். 1990இல் அமெரிக்காவில் இவ்வகை மருந்துக்கு அனுமதி கிடைத்தது.

1969இல் மான்ட்ரியல் சென்று மெக்கில் பல்கலைக்கழகத்தின் குழந்தை மருத்துவத் துறைக்குத் தலைமையேற்றார். 1974இல் பாஸ்டன் அழைத்தது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் ஒரு சிகிச்சைத் துறைக்குப் பெண் ஒருவர் தலைவரானது அதுவே முதல்முறை. சுமார் பத்தாண்டு அப்பொறுப்பில் இருந்தார்.

அவருடைய தலைமைப் பண்பு நன்கு தெரிவது 1987இல் வெளியான ஆய்வில் என்று சொல்லலாம். எட்டு மருத்துவ மையங்களில், எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்கு நாள்பட்ட நுரையீரல் நோய் எந்த அளவில் வருகிறது என்று அவரும் சக மருத்துவர்களும் ஒப்பிட்டனர். நியூயார்க்கின் கொலம்பியா மையத்தில்தான் மிகக் குறைவு. அங்கே குழந்தையை அவசரப்பட்டு வென்டிலேட்டரில் இணைப்பதில்லை. மூக்குவழியே தொடர் அழுத்தத்தில் காற்றைச் செலுத்தித் தானாக மூச்சுவிட வைத்தார்கள். மருத்துவமனைகள் தங்கள் பெயரைக் காக்க நினைக்கும் விஷயத்தில், எது நன்றாகச் செய்கிறது, ஏன் என்று எண்களை வைத்து வெளிப்படையாகக் கேட்டது பெரிய துணிவு. மூக்குவழியே காற்றைச் செலுத்தும் அம்முறை இன்று பல நாடுகளில் வழக்கத்தில் உள்ளது.

1991இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் பெற்றார். அமெரிக்க அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் தலைவராகவும் இருந்தார். பச்சிளங்குழந்தை நோய்கள் குறித்து அவர் பங்களித்த பாடநூல், அவர் பெயரைத் தாங்கிப் புதிய பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது.