பகைவனைத் தூதனாக்கிய வரலாறு

பிறந்த ஊரை விட்டு வேற்று மாநிலங்களில் வாழும் நம்மிடையே ஒரு வழக்கம் உண்டு. ஊரிலிருந்து எவரேனும் புறப்படுகிறார் என்று அறிந்தால், அவரிடம் ஒரு பொட்டலத்தைக் கொடுத்தனுப்பச் சொல்வோம். கொண்டு வருபவர் நம் உறவினராக இருக்க வேண்டுவதில்லை. பொருளைச் சேர்ப்பித்துவிட்டுத் தம் வழியே சென்றால் போதும். உயிரியல் ஆய்வுக்கூடங்களிலும் இத்தகைய போக்குவரத்து நடைபெறுகிறது. அங்கே பொட்டலம், மனித மரபணு. அதைச் சுமப்பது வைரஸ்.

இதனை ஆங்கிலத்தில் 'வைரல் வெக்டர்' என்பர். சொற்களோடு உழலும் தொழில் நம்முடையதாகலின், அவற்றின் வேரை நாடினோம். இலத்தீன் மொழியில் 'வைரஸ்' என்றால் நஞ்சு. 'வெக்டர்' என்றால் சுமப்பவன். நஞ்சு எவ்வாறு சுமையாளாயிற்று?

வைரஸ் தானாகப் பெருக இயலாதது. உயிரணுவினுள் புகுந்து, தன் மரபணுக்களை ஒப்படைத்து, அவ்வணுவையே தனக்கு ஏவலாளாக்கிக் கொள்ளும். அம்மரபணுக்களை நீக்கி, அவ்விடத்தில் மனித மரபணு ஒன்றை வைத்தால், உயிரணு அதற்குரிய புரதத்தை ஆக்கும். அம்மரபணுவின் தொழில் யாதென்பது இவ்வாறு புலனாகும்.

பாக்டீரியாவின் மரபணுக்களை வைரஸ் சுமந்து செல்வதை 1952ஆம் ஆண்டிலேயே ஸிண்டரும் லெடர்பெர்கும் வெளியிட்டனர். 1972இல் அமெரிக்க விஞ்ஞானி பால் பெர்க், எஸ்.வி.40 என்னும் குரங்கு வைரஸின் டி.என்.ஏ.வோடு பாக்டீரியாவின் மரபணுக்களை இணைத்தார். இணைத்ததை, மனிதக் குடலில் வாழும் ஈ.கோலி பாக்டீரியாவில் புகுத்துவதே அடுத்த படி. ஆனால் எஸ்.வி.40 சில விலங்குகளுக்குக் கட்டிகளை விளைவிப்பது. அது ஆய்வுக்கூடத்தினின்று தப்பினால் என்னாகும் என்று சக விஞ்ஞானி ஒருவர் வினவினார். பெர்க் தம் சோதனையைத் தாமே நிறுத்திவிட்டார்! 1975 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அசிலோமரில் கூடிய விஞ்ஞானிகள், ஆய்வுக்கூடத்திற்கு வெளியே வாழ இயலாதவாறு வலுக்குறைத்த உயிர்களையே இச்சோதனைகளில் கையாளுதல் நன்று என்று நெறி வகுத்தனர். அதன்பின், 1979இல் பெர்கும் துணைவர்களும் எஸ்.வி.40 வழியாகவே முயலின் குருதிப் புரத மரபணுவைக் குரங்கின் உயிரணுக்களில் சேர்த்து, முயலின் புரதத்தைப் பெற்றனர்.

பாதுகாப்புக்கு உகந்த பூட்டு வேறோரிடத்தில் உருவாயிற்று. நெதர்லாந்தின் லைடன் நகரில் பிராங்க் கிரஹாம், கருவிலிருந்து பெற்ற மனிதச் சிறுநீரக உயிரணுக்களில் அடினோவைரஸின் டி.என்.ஏ.வைச் சேர்த்தார். அது அவருடைய 293ஆம் சோதனை. 1977இல் வெளியான அவ்வணுக்களுக்கு 293 என்றே பெயர். பெருகுவதற்கு இன்றியமையாத பகுதி நீக்கப்பட்ட அடினோவைரஸ் பிற அணுக்களில் பெருகாது. அப்பகுதியைத் தன்னுள்ளே கொண்ட 293 அணுவில் பெருகும். வைரஸ் ஓரிடத்திலும் அதன் சாவி வேறிடத்திலுமாக அமைந்தன. 1983இல் ரெட்ரோவைரஸுக்கும் இவ்வாறே தனி அணுக்கள் ஆக்கப்பட்டன. 1996இல் எச்.ஐ.வி.யின் மரபணுக்களையே பிரித்துச் சுமையாளாக்கி, எலியின் மூளை நரம்பணுக்களுக்குள் மரபணுவைச் செலுத்தினர்.

எனினும், பூட்டு ஒன்றே போதுமானதன்று. 1999இல் அமெரிக்காவில், மருத்துவச் சோதனையொன்றில் அடினோவைரஸ் வெக்டர் செலுத்தப்பெற்ற 18 வயது இளைஞர் உயிரிழந்தார். பெருக இயலாத அவ்வைரஸை அவர் உடல் பகையாகவே கண்டு கொதித்தெழுந்தது. ஆய்வுக்கூடத்தில் கண்ட வெற்றி மனித உடலிலும் அப்படியே கிட்டும் என்று கொள்ளலாகாது என்பதை அத்துயரம் உணர்த்தியது. ஆகவே, பெர்க் கண்டறிந்தவற்றோடு, அவர் ஐயுற்று நின்ற வேளையையும் நாம் நினைவில் கொள்ளுதல் தகும்.