நீல நிறம் காட்டிய சுப்பாராவ்

இரவு அரைத்து வைத்த இட்லி மாவு காலையில் பொங்கி நிற்பதை வில்லியனூரிலும் பாகூரிலும் பார்க்காதவர் உண்டா? தோப்பில் கள் நுரைப்பதையும் கண்டிருப்பீர்கள். இரண்டும் நொதித்தலே. நுண்ணுயிர்கள் சர்க்கரையைச் சிதைத்து ஆற்றல் பெறுகின்றன. அந்த ஆற்றலை எதில் ஏற்றி வைக்கின்றன?

பாஸ்பேட் சேர்த்தால் ஈஸ்ட் சாற்றில் நொதித்தல் விரைவதை 1906இல் இங்கிலாந்தில் ஹார்டன், யங் இருவரும் கண்டனர். ஆனால் உயிர்ப்பொருளில் உள்ள சிறிதளவு பாஸ்பரஸை எளிதாக அளக்க வழி வேண்டுமே! அதைத் தந்தவர்களுள் ஒருவர், சென்னையில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்த இவர் மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறி, மூன்றாம் முறை தேறியவர் (மாணவர்கள் கவனிக்க!). சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தியது ஆங்கிலேயப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை, எம்.பி.பி.எஸ். கிட்டாமல் எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. ஸ்ப்ரூ என்னும் குடல் நோய்க்கு உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தார்.

பிறகு அமெரிக்கா சென்று, ஹார்வர்டில் ஃபிஸ்க் என்பவருடன் சேர்ந்து 1925இல் அந்த முறையை வகுத்தார். பாஸ்பேட்டுடன் மாலிப்டேட் சேர்த்து ஒடுக்கினால் நீல நிறம் தோன்றும். நீலம் எவ்வளவு அடர்ந்ததோ, பாஸ்பரஸ் அவ்வளவு. நிறத்தை ஒளியால் அளப்பது எங்கள் பௌதிகக்காரர் வேலை. ஆகவே இம்முறை மீது எனக்குத் தனிப் பிரியம்.

இதைக் கொண்டு 1929இல் தசையிலிருந்து ஏ.டி.பி. என்ற பொருளை இருவரும் பிரித்தனர். ஜெர்மனியில் லோமானும் அதே ஆண்டில் கண்டார். ஆற்றல் ஏறுவதும் செலவாவதும் இதில்தான். ஒரு குளுகோஸ் மூலக்கூறு நொதித்தால் ஈஸ்ட்டுக்கு நிகர வரவு 2 ஏ.டி.பி. மூலக்கூறுகள்.

ஹார்வர்டில் அவருக்கு நிலையான பதவி கிட்டவில்லை. அவருடைய சில கண்டுபிடிப்புகளை ஃபிஸ்க் பொறாமையால் வெளிவர விடவில்லை என்று, அங்கே உடன் பயின்று பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ் கூறியிருக்கிறார். அவற்றைப் பிறர் மறுபடி கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று.

1940இல் லெடர்லி மருந்து நிறுவனத்தில் சேர்ந்தார். அங்கே நொதித்தலே தொழில். பாக்டீரியாவின் வளர்ச்சியை அளவுகோலாகக் கொண்டு ஃபோலிக் அமிலத்தைத் தேடி, 1945இல் அவர் குழு அதைச் செயற்கையாகவே தயாரித்தது. ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. உடன்பிறந்தவருக்குத்தான் காலம் கடந்துவிட்டது. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசானும் அவர் குழு தந்ததே. அவர் தலைமையில் பணியாற்றிய டுக்கர், மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றை நொதிக்கலன்களில் வளர்த்து ஆரியோமைசின் எடுத்தார். 1948 ஜூலையில் அது அறிவிக்கப்பட்டது. ஆகஸ்டில் சுப்பாராவ் மறைந்தார், வயது 53.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு இரும்புச் சத்தோடு தரும் மாத்திரையின் அட்டையைப் பாருங்கள். ஃபோலிக் அமிலம் என்று இருக்கும்.